சவ்வின் அதிர்வைக் கணிக்க எந்த மென்பொருள்? பைத்தான், பிரிபோமேக்ஸ், ஆன்சிஸ், மேட்லேப், காம்சால்: ஓர் ஒப்பீடு

இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்குத் தலைப்பு முடிவாகும் நாட்களில், தருமபுரி, பர்கூர், ஓசூர்ப் பக்கத்து மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு குழு தன் ஊர்ப் பறையின் தோலை ஆராய விரும்புகிறது. இன்னொரு குழு மாரியம்மன் திருவிழாவில் ஒலிக்கும் பம்பையை எடுத்துக்கொள்கிறது. தளிப் பக்கத்து ரோஜாத் தோட்டத்திலிருந்து வரும் மாணவர், தங்கள் பாலிஹவுஸின் கூரைப்படலம் காற்றில் படபடத்துக் கிழிவதைக் கணக்கிட முடியுமா என்று கேட்கிறார். மூவருக்கும் அடிப்படை ஒன்றுதான்: விளிம்பில் கட்டி இழுக்கப்பட்ட மெல்லிய சவ்வு எந்தெந்த அதிர்வெண்களில், எந்தெந்த வடிவங்களில் அதிரும் என்பது. மூவரும் கேட்பதும் ஒன்றுதான்: "சார், இதை ஆன்சிஸில் செய்யலாமா, காம்சாலில் செய்யலாமா, அல்லது பைத்தானே போதுமா?"

இதற்கு ஒரே வரியில் விடை சொல்லி அனுப்பியபோதெல்லாம், மூன்று மாதம் கழித்து அந்த விடை அவர்களுக்குப் பொருந்தாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

சவ்வுக்கும் தகட்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்க வேண்டும். தகடு தன் தடிமனால் விறைப்பாக நிற்கிறது. சவ்வுக்கு அந்த விறைப்பு கிடையாது, இழுத்துக் கட்டிய இழுவிசை ஒன்றுதான் அதைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. எனவே இழுவிசையை மென்பொருள் எந்த வழியில் ஏற்கிறது என்பதே முதல் அளவுகோல். நேரடியாக ஓர் எண்ணாக ஏற்குமா, அல்லது முன்கணக்கு ஒன்றைச் செய்து தகைவை (பரப்பலகுக்கான உள்விசையை) உருவாக்கி அதை அதிர்வுக் கணக்குக்குள் கொண்டுசெல்ல வேண்டுமா என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன.

இரண்டாவது, விடையைச் சரிபார்க்கும் வசதி. வட்டச் சவ்வுக்குக் கணித விடை கைவசம் இருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. வட்ட அதிர்வுகளை விவரிக்கும் பெசல் சார்புகளின் சுழிகளான (அவை பூச்சியமாகும் இடங்களான) 2.405, 3.832, 5.136, 5.520 ஆகியவற்றிலிருந்து அதிர்வெண்கள் 1 : 1.593 : 2.136 : 2.295 என்ற விகிதத்தில் வந்தாக வேண்டும். இழுவிசையோ தோலின் நிறையோ எவ்வளவாக இருந்தாலும், இரண்டும் பரப்பு முழுவதும் சீராக இருக்கும் வரை இந்த விகிதம் மாறாது.

மூன்றாவது, காற்று. மெல்லிய சவ்வு தனியாக அதிர்வதில்லை. இருபுறமும் உள்ள காற்றைத் தள்ளி இழுத்துக்கொண்டேதான் அதிர்கிறது. நான்காவது, சீரின்மை: தோல் எங்கும் ஒரே தடிமன் கொண்டதன்று, எல்லாத் திசையிலும் ஒரே இழுவிசையில் நிற்பதுமன்று. கடைசியாக, செலவு. உரிமத்தின் விலை மட்டும் செலவாகாது. கற்றுக்கொள்ளும் வாரங்கள், ஆய்வகம் திறந்திருக்கும் நேரம், படிப்பு முடிந்தபின் அதே கோப்பைத் திறக்க முடியுமா என்பது எல்லாம் செலவில் சேரும்.

ஒப்பிடுவதற்கு ஒரு பொதுக்கணக்கை வைத்துக்கொள்வோம். ஆரம் 15 சென்டிமீட்டர், தடிமன் 0.25 மில்லிமீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 1400 கிலோ, யங் குணகம் 4 கிகா பாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3, இழுவிசை மீட்டருக்கு 3000 நியூட்டன். இது செயற்கைப் படலம் போர்த்திய பறைக்கு நெருக்கமான அளவு. சதுர மீட்டருக்கு நிறை 0.35 கிலோ, அலை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 92.6 மீட்டர். கணித விடைகள்: 236.2, 376.4, 504.5, 542.2 ஹெர்ட்ஸ். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் முதல் நாள் வேலை இந்த நான்கு எண்களை அதிலிருந்து வரவழைப்பதுதான்.

## பைத்தானில் நாமே எழுதுவது

சவ்வின் சமன்பாடு, பொறியியல் கணிதத்தில் பகுதி வகைக்கெழுப் பாடத்தில் வருகிற அதே அலைச் சமன்பாடு. அதைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்துத் தீர்க்க, சைகிட்-ஃபெம் என்ற இலவச நூலகமும் சைபையும் போதும். இரண்டும் விண்டோஸிலேயே ஒரு கட்டளையில் நிறுவக்கூடியவை. ஃபீனிக்ஸ் என்ற இன்னும் வலுவான இலவசத் தொகுப்பும் உண்டு. அதன் தொடக்கப் பயிற்சிகளில் ஒன்றே சவ்வின் தொய்வைப் பற்றியதுதான். ஆனால் அது லினக்ஸில் இயல்பாக ஓடுவது என்பதால், விண்டோஸ் மட்டும் தெரிந்த மாணவருக்கு நிறுவுவதிலேயே ஒரு வாரம் போய்விடக்கூடும். செயல்திட்டத்துக்கு சைகிட்-ஃபெம்மே போதும் என்பது என் கருத்து.

இந்த வழியின் பெரிய நன்மை, இழுவிசை ஓர் எண்ணாகவே நேரடியாக உள்ளே போகிறது என்பது. அதை இடத்துக்கு இடம் மாறும் சார்பாகவும், ஒரு திசையில் கூடுதலாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் இருக்கும் அணியாகவும் தரலாம். பறையின் தோல் ஒரு பக்கம் சற்றுத் தளர்ந்திருந்தால், ஒரே அதிர்வெண்ணில் இரட்டையாக வர வேண்டிய 376 ஹெர்ட்ஸ் பாங்கு (அதிர்வு வடிவம்) இரண்டாகப் பிரியும். அந்தப் பிளவைக் காட்ட இங்கே ஒரு வரியை மாற்றினால் போதும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் பூசிய கறுப்புக் கரணையும் அப்படித்தான்: ஆரத்தைப் பொறுத்து மாறும் நிறையாக அதை எழுதிவிடலாம். நடுவில் நிறை ஏற்றப்பட்ட இந்தத் தோல், வெறும் சவ்வின் ஒழுங்கற்ற விகிதங்களை விட்டு 1 : 2 : 3 என்ற முழு எண் விகிதங்களை நெருங்குவதை சி. வி. ராமன் 1920-லும் பின்னர் 1934-லும் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். தெருக்கூத்தில் மிருதங்கத்தைக் கேட்டு வளர்ந்த நம் பக்கத்து மாணவருக்கு இதைவிட நெருக்கமான செயல்திட்டம் அமைவது அரிது.

சரிபார்க்கவும் இங்கே ஒரு தனி வசதி உண்டு. நிறை அணியை முறைப்படி முழுமையாக அமைத்தால், முக்கோண மெஷ் (அந்தச் சிறு முக்கோணங்களின் வலை) தரும் அதிர்வெண் எப்போதும் உண்மையான மதிப்புக்கு மேலேதான் இருக்கும். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க மேலிருந்து கீழே இறங்கி வரும். வட்டத்தின் விளிம்பை 32 நேர்க்கோடுகளாக வெட்டினாலே, வட்டம் சற்றுச் சுருங்கிவிடுவதால், அதிர்வெண் ஏறத்தாழ 0.3 சதவீதம் உயரும். எண்கள் இதற்கு மாறாக ஏறி இறங்கினால் நிரலில் பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இதற்காகவே, சதுரக் கட்டங்களால் வட்டத்தை நிரப்பும் வேறுபாட்டு முறையை நான் பரிந்துரைப்பதில்லை. படிக்கட்டுப் போன்ற விளிம்பில் பிழை மெதுவாகவே குறையும், எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் ஊகிக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு என்ன? காற்று. காற்றையும் சவ்வையும் இணைத்துத் தீர்க்கும் நிரலை ஒரு பருவத்தில் எழுதி முடிப்பது கடினம். இன்னொன்று, வண்ணமயமான முப்பரிமாணப் படங்களை எதிர்பார்க்கும் தேர்வாளரிடம், கறுப்புத் திரையில் நான்கு எண்களைக் காட்டும் குழுவுக்கு உரிய மதிப்பு சில நேரம் கிடைப்பதில்லை. அது நியாயமன்று என்றாலும், படம் வரைவதற்கு ஒரு வாரத்தை ஒதுக்கி வையுங்கள்.

## பிரிபோமேக்ஸ், அதாவது கால்குலிக்ஸ்

கால்குலிக்ஸ் ஓர் இலவசத் திறமூலக் கணிப்பான். பிரிபோமேக்ஸ் அதற்கு விண்டோஸில் அமைந்த முகப்பு. கணுக்களின் (மெஷ்ஷின் மூலைப் புள்ளிகளின்) எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, உரிமம் காலாவதியாவதில்லை, ஓசூரில் ஒரு சிறு தொழிற்கூடம் வணிக வேலைக்குப் பயன்படுத்தினாலும் தடையில்லை. 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியிலும் நம் பொதுக்கணக்கு சிரமமின்றி ஓடும்.

இங்கே இழுவிசையை நேரடியாகத் தர வழி சுற்றானது என்பதால், பழகிய தந்திரம் ஒன்றைக் கையாள வேண்டும். விளிம்பைப் பிணைத்துவிட்டுச் சவ்வைக் கற்பனையாகக் குளிர்விக்க வேண்டும். சுருங்க இடமில்லாமல் அது எல்லாத் திசையிலும் சமமாக இறுகும். வெப்ப விரிவெண்ணை டிகிரிக்கு 0.00001 என்று நாமே வைத்துக்கொண்டு 210 டிகிரி குளிர்வித்தால், நம் பொருளில் 12 மெகா பாஸ்கல் தகைவு எழும்; 0.25 மில்லிமீட்டர் தடிமனில் அது மீட்டருக்குச் சரியாக 3000 நியூட்டன். இந்த விரிவெண்ணும் வெப்பநிலையும் உண்மைப் பொருளைச் சார்ந்தவையல்ல, இழுவிசையைப் பிறப்பிக்க நாம் எடுத்த கருவிகள் என்பதை அறிக்கையில் ஒரு வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். அதன்பின் அதிர்வெண் படிநிலையில், முந்தைய படிநிலையின் தகைவைக் கணக்கில் எடுக்கும் தெரிவை இயக்க வேண்டும்.

செலவு அலகுகளில் ஒளிந்திருக்கிறது. நீளத்தை மில்லிமீட்டரில் வைத்தால் நிறை டன்னில் இருக்க வேண்டும். 1400 என்ற அடர்த்தி அங்கே 1.4×10⁻⁹ ஆகிவிடும். மறந்துபோய் 1400 என்றே இட்டால் விடை பத்து லட்சம் மடங்கு குறைந்து வரும். அவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதற்கு நான் அஞ்சுவதில்லை. அடுத்துச் சொல்லப்போகிற பிழைதான் ஆபத்தானது.

## ஆன்சிஸ் மாணவர் பதிப்பு

மாணவர்கள் முதலில் நாடுவது இதைத்தான். காரணமும் புரிகிறது: ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரிலும் வடிவமைப்பு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன்விவரத்தில் ஆன்சிஸ் என்ற சொல் இருப்பது பயன் தருகிறது. மாணவர் பதிப்பு இலவசம். கணு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, பதிப்புக்குப் பதிப்பு அது மாறும், ஆனால் தனிச் சவ்வுக்கு அந்த வரம்பு தாராளமாகப் போதும்.

என் மேசைக்கு வந்த ஓர் அறிக்கையில் 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள பறைக்கு முதல் அதிர்வெண் 9.2 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. வடிவங்கள் அழகாக இருந்தன, மெஷ் ஒழுங்காக இருந்தது, பக்கங்கள் எண்ணிட்டுக் கட்டப்பட்டிருந்தன. எழுதிய நால்வரில் இருவர் பறை அடிக்கத் தெரிந்தவர்கள். நொடிக்கு ஒன்பது முறை அதிரும் தோல் காதுக்குக் கேட்கவே கேட்காது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஆனால் திரையில் வந்த எண்ணை அவர்கள் கை கேள்வி கேட்கவில்லை. நடந்தது இதுதான்: இழுவிசையை உருவாக்கும் நிலைக் கணக்கைச் செய்துவிட்டு, அதை அதிர்வுக் கணக்கோடு இணைக்காமல் விட்டிருந்தார்கள். மென்பொருள் அந்தச் சவ்வை இழுவிசையற்ற மெல்லிய தகடாக எண்ணித் தகட்டின் அதிர்வெண்ணைச் சரியாகவே கணித்துத் தந்திருந்தது. பிழைச் செய்தி எதுவும் வராது. இதைப் பிடிக்க விகிதமே வழி: பிணைத்த வட்டத் தகட்டுக்கு இரண்டாவது அதிர்வெண் முதலாவதைப்போல் 2.08 மடங்கு, சவ்வுக்கு 1.593 மடங்கு. உங்கள் திரையில் 2.08 தெரிந்தால் இழுவிசை உள்ளே போகவில்லை என்று பொருள்.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. ஆன்சிஸின் முகப்பான வொர்க்பெஞ்ச் தொடக்க வெப்பநிலையை 22 டிகிரியாக எடுத்துக்கொள்கிறது. 210 டிகிரி குளிர்விக்க வேண்டுமானால் −188 என்று இட வேண்டும். −210 என்று இட்டால் உண்மையில் 232 டிகிரி குளிர்ந்து, முதல் அதிர்வெண் 248 ஹெர்ட்ஸ் என்று வரும். விகிதம் சரியாகவே இருக்கும் என்பதால் விகிதச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது, 236.2 என்ற கணித விடையை முன்கூட்டியே கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

மறுபக்கம், பிழையற்ற இடத்தில் பிழை தேடிச் சோர்வதும் உண்டு. ஓட்டு உறுப்பை (மெல்லிய பரப்புகளுக்கான ‘ஷெல்’ வகையை) வளைவிறைப்போடு சேர்த்துப் பயன்படுத்தி, விளிம்பை முழுமையாகப் பிணைத்து, விளிம்பருகே மெஷ்ஷை நன்கு நுணுக்கினால் முதல் அதிர்வெண் 238-ஐ ஒட்டி வரும். விளிம்பை ஒட்டிய ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் அகலத்தில் படலம் மடியத் தயங்குகிறது. அதனால் ஆரம் அந்த அளவு குறைந்ததுபோல் ஆகி, அதிர்வெண் சுமார் 1 சதவீதம் உயர்கிறது. உண்மைப் பறையிலும் அந்த விளைவு இருக்கும். சவ்வு விறைப்பு மட்டும் என்ற தெரிவை உறுப்பில் தேர்ந்தெடுத்தால் 236 திரும்பிவிடும்.

கரணை போன்ற நிறையைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. நடுப்பகுதியின் தடிமனைக் கூட்டாதீர்கள். குளிர்விக்கும் தந்திரத்தில் தடிமன் கூடினால் அந்த இடத்தின் இழுவிசையும் விறைப்பும் சேர்ந்தே கூடிவிடும். கரணையோ நுண்ணிய வெடிப்புகளோடு இருப்பதால் நிறையைத்தான் பெரிதும் சேர்க்கிறது. அடர்த்தியை மட்டும் கூட்டுங்கள். இதே முறை பிரிபோமேக்ஸுக்கும் பொருந்தும்.

மாணவர் பதிப்பைக் கல்விக்கு மட்டுமே பயன்படுத்தலாம். பகுதிநேரமாக ஒரு தொழிற்கூடத்துக்குக் கணக்குச் செய்து தரும் மாணவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. பதிவிறக்கமும் பல ஜிபி; விடுதியின் இணைய வேகத்தில் ஓர் இரவு ஆகலாம்.

## மேட்லேப்

கல்லூரியில் உரிமம் இருந்து, பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக் கருவித்தொகுப்பும் அதில் அடங்கியிருந்தால், பைத்தான் வழியின் எல்லா நன்மைகளும் குறைந்த உழைப்பில் கிடைக்கும். அந்நிறுவனத்தின் சின்னமே ஓர் அதிரும் சவ்வு என்பது பலருக்குத் தெரியாது. மூன்று சதுரங்களை மூலைமட்டம்போல் சேர்த்த சவ்வின் முதல் அதிர்வு வடிவத்திலிருந்து உருவானது அது. மேட்லேப்பை உருவாக்கிய கிளீவ் மோலர் 1965-இல் தம் முனைவர் ஆய்வில் எடுத்துக்கொண்ட கணக்கு அதுதான். அலகுச் சதுரங்களுக்கு அதன் முதல் ஐகன் மதிப்பு (முதல் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் எண்) 9.6397. உள்வாங்கிய மூலையில் மெஷ் தடுமாறும் என்பதால், வட்டத்தைவிட இது கடுமையான சோதனை. எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் இதையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வேன்.

உரிமம் இல்லாதவர் இதற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. மேட்லேப்புக்கு இலவச மாற்றான ஆக்டேவில் அந்தக் கருவித்தொகுப்பு கிடையாது. அப்படியானால் பைத்தானுக்கே போய்விடலாம்.

## காம்சால்

சவ்வுக்கென்றே தனி இடைமுகம், தொடக்கத் தகைவை நேராக எழுத ஒரு கட்டம், முன்னிறுக்கத்தோடு கூடிய அதிர்வெண் ஆய்வு என்று எல்லாம் இதில் ஆயத்தமாக இருக்கின்றன. குளிர்விக்கும் தந்திரம் தேவையில்லை. அதைவிடப் பெரிய வலிமை, காற்றையும் சவ்வையும் எல்லைப்பரப்பில் இணைத்து ஒரே கணக்காகத் தீர்ப்பது.

அது எப்போது தேவைப்படும் என்பதை ஒரு தோராயக் கணக்கால் அறியலாம். அதிர்வு வடிவத்தின் அலையெண்ணால் (வட்டச் சவ்வில் பெசல் சுழியை ஆரத்தால் வகுத்தது) காற்றின் அடர்த்தியை வகுத்தால், ஒரு பக்கத்துக் காற்று சவ்வின் மேல் ஏற்றும் கூடுதல் நிறை ஏறத்தாழக் கிடைக்கும். நம் பறையில் அலையெண் 16; இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 0.15 கிலோ. சவ்வின் சொந்த நிறை 0.35. எனவே 236 ஹெர்ட்ஸ் என்பது 200-ஐ ஒட்டி இறங்கும். உயர்ந்த பாங்குகளில் அலையெண் கூடுவதால் இந்தப் பாதிப்பு குறையும். ஆகவே உண்மைப் பறையில் 1 : 1.593 என்ற விகிதமும் மாறும்.

பாலிஹவுஸில் நிலைமை வேறு. 200 மைக்ரான் படலத்தின் நிறை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.18 கிலோ. நான்குக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள ஒரு கட்டத்தில் மீட்டருக்கு 200 நியூட்டன் இழுவிசை என்று வைத்தால், காற்றைக் கருதாத கணக்கு 9 ஹெர்ட்ஸ் தரும். ஆனால் அங்கே காற்று ஏற்றும் நிறை 1.4 கிலோவை நெருங்குகிறது. படலத்தின் நிறையைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். உண்மையில் 3 ஹெர்ட்ஸ் அளவில்தான் அது அசையும். காற்றை விட்டுவிட்டுச் செய்த பாலிஹவுஸ் கணக்கு எந்த மென்பொருளில் செய்திருந்தாலும் பயன்படாது. காற்றோட்டமே படலத்தை ஆட்டிவைக்கும் படபடப்போ இன்னும் கடினமான வேறு கணக்கு. அதை இளநிலைச் செயல்திட்டமாக எடுக்க வேண்டாம் என்றே அந்த மாணவரிடம் சொன்னேன்.

காம்சாலின் செலவு வெளிப்படையானது: விலை அதிகம், ஒலியியல் தொகுதியும் கட்டமைப்புத் தொகுதியும் தனித்தனியாக வாங்க வேண்டியவை. கல்லூரியில் இருந்தாலும் ஆய்வகக் கணினியில்தான் ஓடும். மாலையில் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பட்டம் பெற்றபின் தன் சொந்தக் கோப்பையே திறக்க முடியாமல் போகும். குறுகிய காலச் சோதனை உரிமத்தை நம்பித் தொடங்குவதாக இருந்தால், மற்ற வழியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, காற்றுக் கணக்குக்கு மட்டும் அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள்.

ஆன்சிஸிலும் காற்றை இணைக்கலாம். வேலை கூடுதல், காற்றுக்கும் மெஷ் போடும்போது மாணவர் பதிப்பின் கணு வரம்பு விரைவில் நெருங்கும்.

## ஒரே பார்வையில்

| | இழுவிசை தரும் வழி | சீரற்ற தோல் | காற்றோடு இணைப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பைத்தான் | நேரடி எண் அல்லது சார்பு | மிக எளிது | தோராயமாக மட்டும் | நிரல் பழக்கம், படம் வரையும் நேரம் |
| பிரிபோமேக்ஸ் | குளிர்வித்தல், முன்படிநிலை | இயலும் | இதற்கு ஏற்றதன்று | அலகுக் குழப்பம் |
| ஆன்சிஸ் மாணவர் பதிப்பு | குளிர்வித்தல், இணைத்த கணக்கு | இயலும், கவனம் தேவை | இயலும், கணு வரம்புக்குள் | ஓசையின்றி வரும் பிழை, கல்விக்கு மட்டும் உரிமம் |
| மேட்லேப் | நேரடி | எளிது | தோராயமாக | கருவித்தொகுப்பு உரிமம் |
| காம்சால் | நேரடித் தகைவு | எளிது | முழுமையாக | விலை, ஆய்வக நேரம் |

## யாருக்கு எது

பறை, பம்பை, மிருதங்கம் என்று தோல் கருவியை எடுத்தவர்களுக்குப் பைத்தான்தான் முதல் வழி என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவர்களுடைய கேள்வி சீரின்மையைப் பற்றியது. அதைச் சொந்த நிரலில்தான் சுதந்திரமாகக் கேட்க முடியும். வேலைவாய்ப்புக்காக ஆன்சிஸ் வேண்டும் என்றால், பைத்தான் விடை கையில் வந்தபின் அதே கணக்கை அங்கே திரும்பச் செய்யுங்கள். நால்வர் குழுவில் இருவர் ஒன்றையும் இருவர் மற்றதையும் தனித்தனியே செய்து, எண்களைக் கடைசியில் ஒப்பிட்டால் இரண்டு முறைக்கும் நம்பகம் கூடும்.

தொழிற்கூடத்தில் பணிபுரிந்துகொண்டே ஒரு ரப்பர் டயாஃபிரத்தையோ அதிர்சல்லடையின் வலையையோ கணிக்க விரும்புகிறவர்களுக்குப் பிரிபோமேக்ஸ். உரிமச் சிக்கல் இல்லை, வடிவமும் விளிம்பும் சிக்கலாக இருந்தாலும் ஏற்கும். பாலிஹவுஸ் போன்ற பெரிய, மெல்லிய படலத்துக்கும் உட்புறம் மூடிய முரசுக்கும் காற்று முதன்மை என்பதால் காம்சால். அது கிடைக்காவிட்டால் ஆன்சிஸ்.

எந்த வழியானாலும் ஒரு கேள்விக்கு விடையை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்: மீட்டருக்கு 3000 நியூட்டன் என்ற இழுவிசை எங்கிருந்து வந்தது? பறையைத் தீயில் காய்ச்சியவுடன் ஈரம் வற்றித் தோல் இறுகுகிறது, ஆறியபின் தளர்கிறது. எந்த நேரத்து இழுவிசை உங்களுடையது? பெரும்பாலான குழுக்கள் கைபேசியில் ஒலியைப் பதிந்து, முதல் அதிர்வெண்ணிலிருந்து இழுவிசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அதே இழுவிசையை மென்பொருளில் இட்டு, "கணிப்பும் அளவீடும் பொருந்துகின்றன" என்று எழுதுகிறார்கள். பொருந்தாமல் எப்படி இருக்கும்? அந்த எண்ணிலிருந்துதானே இழுவிசையே வந்தது. முதல் அதிர்வெண் காற்றால் மிகவும் பாதிக்கப்படுவதும்கூட. அதைவிட, மூன்றாவது நான்காவது பாங்குகளிலிருந்து இழுவிசையைப் பெற்று, முதலாவதையும் இரண்டாவதையும் கணித்துப் பாருங்கள். அப்போது வரும் வேறுபாடு பெரும்பாலும் காற்றின் கூடுதல் நிறையைக் காட்டும். மேலே சொன்ன தோராயக் கணக்கோடு அதை ஒப்பிடலாம். இழுவிசையில் 10 சதவீதப் பிழை அதிர்வெண்ணில் 5 சதவீதமாகத்தான் வரும் என்பதால், அளவீட்டில் இருக்கும் தடுமாற்றம் உங்களை அவ்வளவாக வாட்டாது.

பதிவு செய்யும்போது தோலின் நடுவில் மட்டும் அடிக்காதீர்கள். நடுவில் அடித்தால் 376, 504 பாங்குகள் எழவே எழாது. அங்கே அவற்றுக்கு அசையாக் கோடு ஓடுகிறது. விளிம்புக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் அடித்து, அதே இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, காய்ச்சியவுடன் ஒருமுறையும் அரைமணி நேரம் கழித்து ஒருமுறையும் பதிந்துகொள்ளுங்கள். அந்த இரண்டு கோப்புகளும் கையில் இருந்தால், மென்பொருளைப் பற்றிய முடிவை ஜனவரி கடைசி வாரம் வரைகூடத் தள்ளிப்போடலாம்.